கை ஓடவில்லை என்ற தம்பிக்கு

தம்பி, கிண்ணியாப் பாதையை, அதுதான் பாலம் வருமுன் ஆட்களை அக்கரை சேர்த்த அந்த மிதவைப் படகை, பற்றிய உங்கள் சிறுகதை முதல் பந்தியோடு நின்று நாலு மாதமாகிறது, எழுதுவதும் அழிப்பதுமாகவே இரவு போகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இது வந்துபோனதுதான், ஒன்றரை வருடம்.

கற்பனை வற்றிவிட்டது என்கிறீர்களே, அதை நான் நம்பவில்லை. எழுதும்போதே திருத்துகிறீர்கள், அதுதான் கோளாறு. மடிக்கணினியை மூடிவிட்டு ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கள். பேனையால் வெட்டினாலும் வெட்டிய வரி கண்முன்னே கிடக்கும், மாயமாகாது.

முதல் பந்தியை இப்போதைக்கு விடுங்கள். பாலம் திறந்தது 2009 இல்தானே, பாதையில் போய்வந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். ஒரு தேத்தண்ணிக் கடையில் குந்தி, பாதை வரும்வரை எங்கே நிற்பீர்கள், பசித்தால் என்ன வாங்கித் தின்பீர்கள் என்று கேளுங்கள். "என்ன உணர்ந்தீர்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பேட்டி மாதிரி ஆகிவிடும்.

எனக்குக் கை திரும்பியது உப்புவெளிக் கடற்கரையில். விடியக் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். எல்லோரும் இழுக்க, ஒரு ஐயா மட்டும் பின்னால் குந்தியிருந்து ஈரக் கயிற்றை வட்டமாகச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். முழங்கைவரை மணல். அதை ஆறு வரி எழுதினேன், அவ்வளவுதான். கதையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூன்றாம் நாள் கொப்பியில் அந்த ஐயா வாய்திறந்து யாரையோ ஏசத் தொடங்கினார்.

சரி, பாதைக் கதையில் பத்து வரி சேர்ந்ததும் இங்கே போடுங்கள். எழுத்துப்பிழையோடு என்றாலும் பரவாயில்லை.