புல்தரையில் கோரை: களைக்கொல்லி அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு கோவை வடவள்ளிப் பக்கம். வீட்டின் முன்புறம் சுமார் 600 சதுர அடிக்கு, ஒன்றரை வருடத்துக்கு முன்பு மெக்சிகன் புல் பதித்தோம். முதல் ஆறு மாதம் அருமையாக இருந்தது. இப்போது பாதிக்கு மேல் கோரைதான் தெரிகிறது. தரையோடு படரும் சின்னச் செடிகளும் நிறைய. மாமரத்தடியில் புல்லே இல்லை. வெயில் படும் இடத்திலும் அங்கங்கே மஞ்சள். காலை, மாலை இருவேளையும் போர் தண்ணீர் விடுகிறோம். மாதம் ஒருமுறை ஒருவர் வந்து ஒட்ட வெட்டிவிட்டுப் போகிறார். ஒரு களைக்கொல்லி அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அவர். அடிக்கலாமா?

பதில்: அடிக்க வேண்டாம். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே நோய்க்கான காரணம் இருக்கிறது: இருவேளைத் தண்ணீர், மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டு. இந்த இரண்டையும் மாற்றாமல் எதை அடித்தாலும் மூன்றே மாதத்தில் அதே கோரை, அதே இடத்தில் நிற்கும்.

முதலில் அந்த மருந்து விஷயம். இங்கே பெரும்பாலும் கைக்குக் கிடைப்பது கிளைபோசேட். அதற்குப் புல், களை என்ற பேதம் கிடையாது. பச்சையாக எதன் மேல் பட்டாலும் காயவைக்கும். கோரையோடு உங்கள் மெக்சிகன் புல்லும் சேர்ந்தே போகும். மண்ணுக்குள் முளைக்காமல் உறங்கும் கோரைக்கிழங்கை அது தொடாது. ஆகவே வெறுந்தரையாகிவிட்ட இடத்தில் முதலில் தலைநீட்டுவது கோரையாகத்தான் இருக்கும். பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே கிளைபோசேட்டைக் கையாள வேண்டும் என்று மத்திய அரசு 2022-ல் ஆணை வெளியிட்டதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து பலர் சொல்வது 2,4-டி. அது அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் கோரையை அது ஒழிக்காது. அதோடு, லேசான காற்றிலேயே சாரல் பறந்து பக்கத்திலுள்ள தக்காளி, பப்பாளி, ரோஜா இலைகளைச் சுருட்டிவிடும். வீட்டுத் தோட்டத்தில் அதற்கு இடமில்லை என்பதே என் கருத்து.

கோரைக்கென்றே ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் என்ற மருந்து இருக்கிறது. நம் நாட்டில் கரும்பு வயலில் கோரையை அடக்க அதைத் தெளிக்கிறார்கள். அளவு ஏக்கருக்கு 36 கிராம். உங்கள் 600 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் வருவது அரை கிராம். சமையலறைத் தராசில் அரை கிராமை நம்பி நிறுக்க முடியாது. ஒரு ஸ்பூன் போட்டால் எட்டு, பத்து மடங்கு போய்விடும். பிறகு அந்தத் தரையில் என்ன வளரும், எது கருகும் என்று சொல்ல முடியாது. ஏக்கர் கணக்கில் புல்தரை வைத்திருப்பவர்களுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், அதுவும் விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால். 600 சதுர அடிக்குக் கையே போதும்.

உப்பு, வினிகர், சோப்புத்தூள் கலந்து ஊற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. தயவுசெய்து உப்பைக் கொட்டாதீர்கள். ஏற்கெனவே போர் தண்ணீர் விடும் மண். அதில் இன்னும் உப்பு சேர்ந்தால் எந்தப் புல்லும் பிடிக்காது.

சரி, கோரைக்கு வருவோம். தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டையாக இருக்கும். புல்லுக்கு அப்படி இருக்காது. கையால் இழுத்தால் மேலே உள்ளது மட்டும் அறுந்து வரும். கீழே கிழங்கு பத்திரமாக இருக்கும். குளியல் பொடியில் மணத்துக்குச் சேர்க்கிறோமே முத்தக்காசு, அது இந்தக் கிழங்குதான். கருப்பாக, நார் சுற்றி, வேர்க்கடலைப் பருப்பு அளவில் இருக்கும். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு கம்பி மண்ணுக்குள் ஓடி அடுத்த கிழங்கில் முடியும், அதிலிருந்து இன்னொன்று. பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணில் அரை அடிக்குள்ளேயே இருக்கின்றன. அதனால்தான் கையால் இதை ஜெயிக்க முடியும் என்று தைரியமாகச் சொல்கிறேன்.

நல்ல மழை பெய்த மறுநாள் அல்லது நன்றாகத் தண்ணீர் கட்டிய மறுநாள் இறங்குங்கள். அகலமான களைக்கொத்தி வேண்டாம்; அது கம்பியை அறுத்துவிடும். தோட்டத்து முள்கரண்டியோ, பழைய நீளமான ஸ்க்ரூடிரைவரோ போதும். கோரைக்கு இரண்டு விரல் தள்ளிச் செங்குத்தாக இறக்கி, மண்ணைக் கொஞ்சம் நெம்பித் தளர்த்தி, செடியை அடியில் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். கிழங்கோடு வரும். அந்த நூல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதே வழியில் அடுத்ததையும் எடுங்கள். எடுத்ததை உரக்குழியில் போடக் கூடாது, அங்கேயும் முளைக்கும். சிமெண்ட் தரையில் பரப்பி, வெயிலில் சுக்காகக் காயவிட்டுக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

ஒரே நாளில் முடியாது, முடிக்கவும் முயல வேண்டாம். இலை வெளியே வந்து நாலைந்து வாரத்துக்குள் கோரை புதுக்கிழங்கு வைக்கத் தொடங்கும். அதற்கு முன்பே எடுத்துவிட்டால் பழைய கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்து மறுபடி முளைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் முளை மெலியும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு சுற்றையும் விடாமல். கிழங்கு வராமல் மேலே மட்டும் அறுந்து வந்தாலும் கவலை இல்லை, இடைவெளியை மட்டும் தவறவிடாதீர்கள். இரண்டு மாதம் விட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இப்படிப் பார்த்துக்கொண்டால் உங்கள் தரை தெளியும்.

இந்தக் கோரை உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், அநேகமாகப் புல் பதிக்கும்போது கொட்டிய செம்மண் லோடில் வந்திருக்கும். இல்லையென்றால் நர்சரியில் வாங்கிய புல்லின் அடிமண்ணில். இனி மண்ணோ எருவோ வாங்கினால் ஒரு தொட்டியில் போட்டு, தண்ணீர் தெளித்து, மூன்று வாரம் என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டுத் தரையில் சேருங்கள். மக்காத சாணம் ஒருபோதும் வேண்டாம். மாடு தின்ற களையின் விதையெல்லாம் அதில் உயிரோடு வரும்.

தரையோடு படரும் செடிகள் பெரும்பாலும் அம்மான் பச்சரிசியும் புளியாரையுமாக இருக்கும். கிள்ளினால் பால் வருவது முதலாவது. மூன்று மூன்றாக இதய வடிவ இலை வைத்து, மென்றால் புளிப்பது இரண்டாவது. இவை வெட்டும் கருவியின் கத்திக்குக் கீழே படுத்துக்கொள்வதால் எத்தனை தடவை வெட்டினாலும் தப்பிவிடும். அம்மான் பச்சரிசியைப் பக்கக் கிளையைப் பிடித்து இழுக்காமல், நடுவேரை இரண்டு விரலால் பிடித்துத் திருகி எடுங்கள். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புளியாரையைக் காய் முற்றுவதற்கு முன் எடுக்க வேண்டும். முற்றிய காய் தொட்டவுடன் வெடித்து விதையைத் தெறிக்கும். பார்த்தீனியம் கண்ணில் பட்டால் கையுறை போட்டுக்கொண்டு, பூக்கும் முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள். ஒரே செடி பல ஆயிரம் விதை போடும், பலருக்குத் தோல் அரிப்பும் தரும்.

இப்போது முக்கியமான இடம். வெட்டும் உயரம். மெக்சிகன் புல்லை ஒன்று முதல் ஒன்றரை அங்குல உயரத்தில் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை மண் தெரிய ஒட்ட வெட்டும்போது என்ன நடக்கிறதென்றால், புல் தன் இலை முழுவதையும் இழந்து வேரில் இருக்கும் சத்தைச் செலவழித்து மீண்டு வர வேண்டியிருக்கிறது. அந்தப் பத்துப் பதினைந்து நாளும் தரையில் நேராக வெயில் விழும். களை விதைகளில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். அதை நாமே கூப்பிட்டுக் கொடுக்கிறோம். கோரையோ கிழங்கின் பலத்தில் இரண்டே நாளில் மேலே வந்துவிடும். மழைக்காலத்தில் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மற்ற நாட்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும். எப்போது வெட்டினாலும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். வெட்டுபவரிடம் கத்தியைத் தீட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மழுங்கிய கத்தி புல்லை நறுக்காது, கிழிக்கும். நுனியெல்லாம் வெளுத்து நார்நாராக நிற்கும். உங்கள் மஞ்சளில் ஒரு பங்கு அதுவாகக்கூட இருக்கலாம்.

தண்ணீரிலும் இதே கதை. இருவேளை தெளித்தால் மேல் ஒரு அங்குலம் எப்போதும் ஈரம், அதற்குக் கீழே வறட்சி. புல்வேர் மேலேயே தங்கிவிடும். கோரைக்கோ அந்த ஈரம் கொண்டாட்டம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், அதிகாலையில், ஆழமாக விடுங்கள். விட்டு ஒரு மணி நேரம் கழித்து ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். அரை அடி தடையில்லாமல் இறங்கினால் அளவு சரி. இன்றைக்கே குறைத்துவிடாமல் மூன்று வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். நடந்தால் கால்தடம் நிமிராமல் அப்படியே நின்றாலோ, இலை மடிந்து சாம்பல் சாயல் தட்டினாலோ புல் தாகமாக இருக்கிறது என்று அர்த்தம். மாலையில் விடுவதை நிறுத்துங்கள். இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் பூஞ்சாணப் புள்ளி வரும்.

மஞ்சளுக்குக் காரணம் ஒன்றல்ல, பலவாக இருக்கலாம். கீழுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக மஞ்சளாகின்றன என்றால் தழைச்சத்துக் குறைவு. 600 சதுர அடிக்கு அரை கிலோ யூரியாவை உலர்ந்த புல்லின் மேல் சீராகத் தூவி, உடனே நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பருவமழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று போதும். இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீர் பாயும் இடங்களில் இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் பெர்ரஸ் சல்பேட் கரைத்து மாலையில் தெளியுங்கள். பக்கத்து டைல்ஸ், சிமெண்ட் தரை மேல் பட்டால் துருக்கறை பிடிக்கும், உடனே கழுவிவிடுங்கள். நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையமாக இருந்தால் அது நாயின் சிறுநீர். உடனுக்குடன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீரும்.

மஞ்சளான இடத்தில் புல்லைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பாயைச் சுருட்டுவது போல வேரில்லாமல் கையோடு வந்தால் கீழே வேர்ப்புழு இருக்கிறது. வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். கோடை மழையில் வெளிவரும் வண்டுகள் வேப்பிலையைத் தின்று, மண்ணில் முட்டையிட்டுச் செல்வதால் வருவது. நாலைந்து புழு என்றால் கையால் பொறுக்கிக் காக்கைக்குப் போட்டுவிடலாம். நிறைய இருந்தால் மெட்டாரைசியம் என்ற உயிரிப் பூஞ்சாணத்தை மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரமான மண்ணில் மாலை வேளையில் தூவுங்கள். மழைக்குப் பின் வரும் காளான்களால் புல்லுக்குக் கெடுதல் இல்லை. குழந்தைகள் வாயில் வைக்காமல் மட்டும் பறித்துவிடுங்கள்.

மாமரத்தடியில் மெக்சிகன் புல்லை மறுபடி பதித்துப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். நாளுக்கு நாலைந்து மணி நேர வெயிலாவது இல்லாத இடத்தில் அது அடர்த்தியாக வராது. கீழ்க்கிளை இரண்டைக் கழித்துப் பார்க்கலாம். அகன்ற இலை கொண்ட எருமைப்புல் கொஞ்சம் நிழல் தாங்கும். நானாக இருந்தால் அந்த இடத்தைப் புல்லிடமிருந்து விடுவித்து, மா இலையையே மூடாக்காகப் பரப்பி, ஈரமான ஓரத்தில் வல்லாரை வைப்பேன். மஞ்சள் பூ பூக்கும் வெடெலியாவை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் உள்ள செடி அது. மதில் தாண்டிப் பக்கத்து மனைக்கும் போய்விடும்.

கோரை எடுத்த இடங்களில் குழிகள் விழும். அவற்றை அப்படியே விட்டால் அடுத்த களை அங்கேதான் உட்காரும். மணலும் மண்புழு உரமும் சம அளவு கலந்து நிரப்பி, புல் அடர்த்தியாக இருக்கும் ஓரத்திலிருந்து உள்ளங்கையில் பாதி அளவுத் துண்டுகளை வேரோடு வெட்டி, ஒரு சாண் இடைவெளியில் பதித்து, மேலே காலால் மிதித்துவிடுங்கள். பதிப்பதற்கு முன் அந்தத் துண்டின் அடிமண்ணை உதிர்த்துக் கிழங்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வேர் பிடிக்கும்வரை, சுமார் இரண்டு வாரத்துக்கு, அந்தக் குழிகளுக்கு மட்டும் பூவாளியால் தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். மற்ற தரைக்குப் புதிய கணக்குப்படியே விடலாம்.