கோய்லின் இரண்டு சென்னை அணிகள்

அன்புள்ள ஐயா,

நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் உள்ளூர் ஆட்டங்களை நேரு விளையாட்டரங்கில் முடிந்தபோதெல்லாம் போய்ப் பார்ப்பேன். 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் தலைமைப் பயிற்சியாளராக வந்ததும், துவண்டு கிடந்த அணி இறுதிப்போட்டி வரை சென்றது. அதே மனிதர் 2023இல் திரும்பி வந்தபோது நாங்கள் எவ்வளவோ எதிர்பார்த்தோம். ஆனால் 2024-25 சீசனில் 13 அணிகளில் எங்களுக்குக் கிடைத்தது 11ஆம் இடம். ஊக்கமூட்டத் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்றால் அணி நிமிர்ந்துவிடும் என்று நம்பி வந்தவன் நான். என்னோடு வேலை பார்க்கும் நண்பரோ, பயிற்சியாளர் மாறியவுடன் வரும் வெற்றி வெறும் தற்செயல் என்கிறார். எது சரி?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. ஓர் அணி தன் பயிற்சியாளரை எப்போது மாற்றுகிறது? தொடர்ந்து தோற்று, கம்பத்தில் பட்ட பந்தெல்லாம் வெளியே தெறித்து, இதற்குமேல் மோசமாக முடியாது என்ற நிலையில்தான் மாற்றுகிறது. அந்த இடத்திலிருந்து பெரும்பாலான அணிகள் தாமாகவே ஓரளவு மேலேறிவிடும். டச்சுப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல் நெதர்லாந்து லீக் ஆட்டங்களை வைத்து இதை ஆராய்ந்தார். பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும், அதே அளவு சரிந்திருந்தும் மாற்றாமல் பொறுத்திருந்த அணிகளையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டிருந்தன. ஆகவே புதியவர் வந்த மூன்றாவது வாரமே வெற்றி முழுவதையும் அவர் கணக்கில் எழுதுவது அவசரம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நாம் கண்ட அந்த 2019-20 சீசனை அப்படித் தள்ளிவிட என்னால் முடியவில்லை. கோய்லுக்கு முன் பயிற்சியாளராக இருந்த ஜான் கிரிகரியின் கீழ் முதல் நான்கு ஆட்டங்களில் நம் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில்தான், அதுவும் ஐதராபாத்துக்கு எதிராகக் கூடுதலாகத் தந்த நிமிடங்களில், முதல் கோல் விழுந்தது. அவர் விலகும்போது ஆறு ஆட்டங்களில் நான்கு கோல்களும் ஐந்து புள்ளிகளும் மட்டுமே கையில் இருந்தன. கோய்ல் வந்தபின் லீக் சுற்றில் எஞ்சிய 12 ஆட்டங்களில் 28 கோல்கள், 24 புள்ளிகள். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்றும், கொல்கத்தாவில் ஏ.டி.கே.யை 3-1 என்றும் வென்ற அணியில் முக்கியமான வெளிநாட்டு வீரர்கள் யார்? சீசன் தொடங்கும் முன்பே வந்து சேர்ந்திருந்த அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே ஷெம்ப்ரி. நான்கு ஆட்டங்களாக வலையைக் காணாத முன்களத்திலிருந்துதான் சீசன் முடிவில் 15 கோல்களோடு வால்ஸ்கிஸ், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியைப் பெற்றார். தானாக மீள்வது என்றால் சராசரிக்கு மீள்வது. இந்த அணி சராசரியைத் தாண்டிப் போனது.

அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், கோவாவுக்கு எதிராக, நானும் அரங்கில் இருந்தேன். இடைவேளை வரை கோல் இல்லை. இரண்டாம் பாதியில் நம் அணி நான்கு கோல்கள் அடித்தது. அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது கோல்களை அல்ல. பந்து பறிபோன மறுகணத்தில் நம் வீரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான். கிரிகரி இருந்த நவம்பரில் பந்தை இழந்தவர் தலையைக் கவிழ்த்து இரண்டு கைகளையும் விரித்து நிற்பார், மற்றவர்கள் பின்னோக்கி ஓடுவார்கள். அன்றோ இழந்தவரே முதலில் பாய்ந்தார். அவருக்கு அடுத்தவர், எதிராளி பந்தைக் கொடுக்கக்கூடிய வழியில் போய் நின்றார். முதல் ஓட்டத்தை ஊக்கம் என்று சொல்லலாம். இரண்டாவது ஆள் சரியான இடத்தில் நிற்பது பயிற்சி மைதானத்தில் நூறு முறை செய்து பழகியதால் வருவது. கோய்லின் சிரிப்பையும் தட்டிக்கொடுப்பையும் கேமரா காட்டியது. அந்த நூறு முறையை அது காட்டவில்லை.

இது எனக்குப் புரிந்ததற்கு ஒரு சொந்த அனுபவமும் காரணம். கல்லூரி முடித்த காலத்தில் வடசென்னையில் ஒரு சிறிய அணிக்கு இரண்டு ஆண்டுகள் ஆடினேன். எங்களுக்கு வந்த புதிய பயிற்சியாளர் பெரிதாக எதுவும் பேசாதவர். முதல் நாள் மாலை ஒரு கை சுண்ணாம்புப் பொடியை எடுத்து, இடது ஓரத்தில் தரையில் ஒரு வட்டம் போட்டு, "பந்து அந்தப் பக்கம் இருந்தா நீ இங்க நில்லு, வேற எதுவும் யோசிக்காத" என்றார். முன்களத்தில் எல்லாவற்றையும் செய்ய முயன்று எதையும் செய்யாமலிருந்த எனக்கு, என் வேலை என்ன என்று அன்றுதான் தெரிந்தது. மறுவாரம் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, புது மாஸ்டர் பையன்களை நன்றாக உசுப்பிவிட்டார் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெளிவும் ஊக்கமும் ஒன்றுபோலவே தெரியும்.

இனி உங்கள் கேள்வியின் வலிக்கும் பகுதி. அதே கோய்லுக்கு 2024-25இல் என்ன ஆனது? அவர் திறமை இழந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. இடைப்பட்ட காலத்தில் ஜாம்ஷெட்பூர் அணியை 2021-22இல் 43 புள்ளிகளோடு, லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்கான ஷீல்டை வெல்லவைத்தவர் அவர். அவர் இல்லாத மூன்று சீசன்களில் சென்னை மூன்று தலைமைப் பயிற்சியாளர்களை மாற்றி, மூன்றிலும் எட்டாம் இடத்தில்தான் முடித்தது. மூன்று வெவ்வேறு மனிதர்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்றால், அந்த இடம் பயிற்சியாளருடையது அல்ல, அணியுடையது. 2023-24இல் கோய்ல் அந்த எட்டை ஆறாக்கி, 2020க்குப் பிறகு முதன்முறையாக, லீக் சுற்றுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் வரை கொண்டு சென்றார். என் கணிப்பில் அவரால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

அடுத்த சீசனில் 24 ஆட்டங்களில் ஏழு வெற்றிகள், 27 புள்ளிகள். வீரர்கள் அவருக்காக ஆடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். நான் அதை ஏற்கவில்லை. பிளே-ஆஃப் வாய்ப்பெல்லாம் போய், இனி ஆடிப் பயனில்லை என்றிருந்த கடைசி ஆட்டத்தில் இதே வீரர்கள் ஜாம்ஷெட்பூரை 5-2 என்று வென்றார்கள். பயிற்சியாளரைக் கைவிட்ட அணி அப்படி ஆடாது. குறைந்தது ஊக்கம் அல்ல. 2019இல் கோய்ல் வந்தபோது உள்ளே ஒரு வால்ஸ்கிஸும் ஒரு கிரிவெல்லாரோவும் பூட்டிக் கிடந்தார்கள், அவர் பூட்டைத் திறந்தார். இம்முறை திறப்பதற்கு அந்த அளவு எதுவும் இருக்கவில்லை. முன்னவரான கிரிகரியையும் நினைத்துப் பாருங்கள்: 2017-18இல் பெங்களூருவில் கோப்பையை வாங்கித் தந்தவர், அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகளோடு அணி கடைசியில் நின்றபோதும் அவரேதான் பயிற்சியாளர்.

பெரிய அணிகளுக்கும் இது விலக்கல்ல. 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இடைக்காலப் பொறுப்பாளராக வந்த ஓலே குன்னார் சோல்ஷியர் முதல் ஆட்டத்தில் கார்டிஃபை 5-1 என்று வென்று, அதையும் சேர்த்துத் தன் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். மார்ச் இறுதியில் பதவியை நிரந்தரமாக்கினார்கள். சீசனின் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களில் ஒன்றுகூட வெல்லாமல், முடிவில் அதே கார்டிஃபிடம் சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்று, யுனைடெட் ஆறாம் இடத்தில் நின்றது.

ஆகவே நீங்கள் நம்பியதில் தவறில்லை, நம்பிக்கையின் அளவில்தான் எனக்கு மாறுபாடு. உள்ளே இருக்கும் ஆட்டம் வெளியே வராமல் தவிக்கும் அணியை ஒரு நல்ல மனிதர் சில வாரங்களில் திருப்பிவிடுவார். அதை நாம் இருவரும் கண்ணால் பார்த்தோம். இல்லாத ஆட்டத்தை அவரால் வரவழைக்க முடியாது. அடுத்த புதியவர் வரும்போது அவருடைய முதல் பேட்டியை நான் கேட்கப் போவதில்லை. முதல் மூன்று ஆட்டங்களில் யாரை எந்த இடத்தில் நிறுத்துகிறார், பந்தை இழந்ததும் இரண்டாவது ஆள் எங்கே போகிறார், ஜனவரியில் நிர்வாகம் யாரை வாங்கித் தருகிறது, இவற்றைத்தான் கவனிக்கப் போகிறேன். அரங்கில் சந்தித்தால் நீங்கள் கண்டதையும் சொல்லுங்கள்.

அன்புடன்.