மைக்ரோபோலார் பாய்மங்களின் எல்லைப்படல ஓட்டத்தில் பிஎச்.டி. செய்யலாமா? நிஜத்தில் பயன் உண்டா?

எம்.எஸ்சி. கணிதம் முடித்திருப்பீர்கள், கைடு பத்துக் கட்டுரைகளைக் கையில் கொடுத்து "இதில் ஒரு பாராமீட்டரைச் சேர்த்துப் போடுங்கள்" என்றிருப்பார். சரியா? எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

விஷயம் நல்ல விஷயம்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பாய்மத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் வேகம் மட்டும்தான் உண்டு. உள்ளே இருக்கும் நுண்துகள் தன்பாட்டுக்கும் சுழலுமே என்று 1966-ல் எரிங்கன் அந்தச் சுழற்சிக்குத் தனிச் சமன்பாடு கொடுத்தார்; அப்படிப்பட்ட பாய்மம்தான் மைக்ரோபோலார். இரத்தம், திரவப் படிகம், துகள் கலந்த எண்ணெய் எல்லாம் இதில் வரும் என்று எல்லா ஆய்வேட்டிலும் முதல் பக்கத்தில் இருக்கும். என்னுடையதிலும் இருந்தது.

நான் எடுத்தது பாய்மத்தில் இழுபடும் பிளாஸ்டிக் தாளின் மேல், அதாவது தாளை ஒட்டிய மெல்லிய எல்லைப்படலத்தில், ஓட்டமும் வெப்பப் பரிமாற்றமும். கணினியில் சமன்பாட்டைத் தீர்க்க ரங்கே-குட்டா, ஷூட்டிங் முறை, வழக்கமான கூட்டணி. தாளிலிருந்து வெகுதூரத்தில், அதாவது முடிவிலியில், ஓட்டம் அடங்கிவிட வேண்டும்; அந்த முடிவிலியை 4 என்று வைத்துக்கொண்டு ஓட்டினேன், ஏனென்றால் அதற்கு மேல் போனால் புரோகிராம் வெடித்தது. கே 2-க்கு (துகள் சுழற்சியால் வரும் சுழல் பாகுநிலைக்கும் சாதாரண பாகுநிலைக்கும், அதாவது பிசுபிசுப்புக்கும், உள்ள விகிதம்தான் கே) தாளின் மேல் வேகச் சாய்வு, குறியை விட்டுவிட்டால், 0.72 என்று வந்தது. அழகாக வரைபடமும் போட்டு வைத்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு ராத்திரி சும்மா பேப்பரில் போட்டுப் பார்த்தபோதுதான், சுவரில் துகளும் பாய்மமும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன என்ற நிபந்தனையை வைத்தால், வழக்கமான அனுமானங்களோடு, வேகம், சுழற்சி என்ற இரண்டு சமன்பாடும் ஒன்றாகிவிடுகிறது, சாதாரணப் பாய்மத்துக்கு 1970-ல் கிரேன் கொடுத்த அதே அடுக்குக்குறித் தீர்வு வருகிறது என்று தெரிந்தது. சாய்வு 1/√(1 + கே/2). கே 2 என்றால் 0.7071. என் 0.72 குப்பை. முடிவிலியை 12-க்குத் தள்ளிய பிறகுதான் சரியாக வந்தது. பிரான்ட்டல் எண் (பாகுநிலை பரவும் வேகத்துக்கும் வெப்பம் பரவும் வேகத்துக்கும் உள்ள விகிதம்) 0.1 மாதிரி சின்னதாக இருந்தால் வெப்பப்படலத்துக்கு 12-ம் போதாது. அத்தனை படத்தையும் திரும்ப வரைந்தேன்.

அப்புறம் வைவா. வெளித்தேர்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கே 2 என்றால் அது எந்தத் திரவம்?" நான் இரத்தம் என்றேன். "பிளாஸ்டிக் தாளை இரத்தத்தில் வைத்தா இழுக்கிறீர்கள்?" ஹாலே சிரித்தது, என் கைடு உட்பட. இன்றைக்கு யோசித்தால் அவர் கேட்டது நியாயம். சிவப்பணு சுமார் 8 மைக்ரோமீட்டர். அதன் சுழற்சி கணக்கில் ஏறுவது கிட்டத்தட்ட அதே அகலமுள்ள குழாயில்தான், மில்லிமீட்டர் தடிமனுள்ள எல்லைப்படலத்தில் அல்ல.

உடனே யாராவது "அப்படியானால் மசகு எண்ணெய்?" என்று வருவார்கள். தெரியும். மெல்லிய எண்ணெய்ப் படலத்தில், நுண்குழாயில் இந்தக் கோட்பாட்டுக்கு வேலை உண்டு, நான் மறுக்கவில்லை. கே-க்கு ஐந்து மதிப்பு போட்டு ஐந்து வளைவு வரைவதைத்தான் சொல்கிறேன்.

பயன் என்று நீங்கள் கேட்டது வேலையைப் பற்றி என்றால், நான் கௌரவ விரிவுரையாளர். வருடத்துக்கு 11 மாதச் சம்பளம். மே மாதம் நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். மீதி 11-ம் சொன்ன தேதிக்கு வருவதில்லை, ஆனால் விடைத்தாள் திருத்த மட்டும் முதல் ஆளாகக் கூப்பிடுவார்கள். இதை இங்கே எழுத வேண்டியதில்லைதான்.

சரி, உங்கள் கைடு கொடுத்த கட்டுரையில் முதல் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வளைவு அச்சோடு மெல்லப் படிந்து சேர்கிறதா, இல்லை நேராகப் போய் முட்டி நிற்கிறதா? முட்டி நின்றால் அவர்களும் என்னைப் போல 4-ல் வெட்டியவர்கள். அந்தக் கட்டுரையோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு அட்டவணை போடாதீர்கள்.