“ஒருவர்தானா?” – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், போர்ச்சுக்கல் தலைநகரான லிஸ்பனில் ஒன்பது நாள் தனியாகத் தங்கிவிட்டுத் திரும்பியதைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் நிறைய என்பதால், இம்முறை இந்தப் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஐம்பத்து நான்கு வயதில் முதன்முறையாகத் தனியே வெளிநாடு சென்றதாக எழுதியிருந்தீர்கள். பயணம் முடியும் நேரத்தில் மனத்தில் என்ன இருந்தது? துணிச்சல் கூடியதா?
– வாசகி, கரூர்

விமானம் ஏறும் நேரத்தில், பையின் அடியில் கிடந்த ஈரத் துணியைப் பற்றிய கவலைதான் இருந்தது. ஆகவே அதற்கு முந்தைய மாலையைச் சொல்கிறேன்.

அன்று காய்ஸ் து சொத்ரே துறையில் படகேறி, டேகஸ் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள கசில்யாஷுக்குப் போனேன். பத்து நிமிடப் பயணம்தான். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களே படகு நிறைய இருந்தார்கள். அக்கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் நகரம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. மேற்கே சிவப்பு நிறத் தொங்குபாலம். 1966-இல் சர்வாதிகாரி சலாசாரின் பெயரோடு திறக்கப்பட்டு, 1974 ஏப்ரல் 25 அன்று நடந்த புரட்சிக்குப் பிறகு அந்தத் தேதியையே பெயராகப் பெற்ற பாலம் அது. எதிரே, எனக்கு மூச்சு வாங்க வைத்த மேடுகள் ஒவ்வொன்றாக. ஒரு மேட்டில் வழுக்கி விழுந்திருந்தேன். அந்த ஊரின் நடைபாதைகளில் பதித்திருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல், மழை பட்டால் சோப்புத் தேய்த்தது போலாகிவிடும் என்று தெரிந்தும் தேய்ந்த செருப்போடு போனது என் தவறு.

துணிச்சல் கூடியதாகத் தோன்றவில்லை. இன்றும் இரவு ஒன்பது மணிக்கு மேல் தெரியாத சந்துக்குள் நுழைய மாட்டேன். ஆனால் வேறொன்றைக் கண்டுகொண்டேன். “எனக்கு எங்கே போனாலும் சரிதான்” என்று முப்பது ஆண்டுகளாக வீட்டில் சொல்லி வந்திருக்கிறேன். அதைப் பெருந்தன்மை என்றும் நினைத்திருந்தேன். லிஸ்பனில் இரண்டாம் நாள் காலை, இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்று சொல்ல யாரும் இல்லாமல், ஒரு சதுக்கத்தில் இருபது நிமிடம் நின்றபோதுதான், எனக்கு என்ன பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது என்று புரிந்தது. ஐந்தாம் நாள் வாக்கில் கொஞ்சம் தெளிந்தது: கோட்டைகள் எனக்குப் பிடிக்கவில்லை. ஓடு பதித்த சுவர்களும், ஆற்றைக் கடக்கும் படகுகளும், கூரையில்லாத கார்மோ மடமும் பிடித்திருந்தன.

கார்மோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். தேவாலயங்களில் மக்கள் கூடியிருந்த காலை வேளையில் பெரும் பூகம்பம் வந்தது; பின்னாலேயே ஆற்று வழியே கடல் ஏறிவந்தது; எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்திகளும் அடுப்புகளும் சரிந்து மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்தது. அன்று விழுந்த கார்மோ தேவாலயக் கூரையை மறுபடி முழுதாகக் கட்டவே இல்லை. கல் வளைவுகள் மட்டும் விலா எலும்புகள் போல வானத்தின் குறுக்கே நிற்கின்றன. கீழே பைஷா பகுதியை, அமைச்சராக இருந்த பொம்பால், நேர்நேரான தெருக்களாகத் திட்டமிட்டுப் புதிதாகக் கட்டுவித்தார். சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் கூண்டு போலப் பின்னி, அடுத்த பூகம்பத்துக்கு வீடுகள் வளைந்து கொடுக்கும்படி செய்தார்கள். மன்னர் முதலாம் ஜோசேக்கு மட்டும் அச்சம் தெளியவில்லை. கல் கட்டடத்துக்குள் வசிக்க மனமின்றி, அஜுதா மேட்டில் கூடாரங்களிலும் மரத்தால் கட்டிய மாளிகையிலுமாகவே எஞ்சிய காலத்தைக் கழித்தார். நான் போனதும் ஒரு நவம்பர் தொடக்கத்தில்தான். அந்தத் தூண்களுக்கிடையே ஒன்றரை மணி நேரம் இருந்தேன். குடும்பத்தோடு போயிருந்தால் இருபது நிமிடத்தில் யாருக்காவது தாகம் எடுத்திருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தாகம் எடுப்பது முதலில் நானாகவும் இருந்திருக்கலாம்.

மொழி தெரியாத ஊரில் ஒன்பது நாள் பேசாமல் எப்படி இருந்தீர்கள்?
– வாசகர், மன்னார்குடி

நான் தங்கிய வீட்டின் உரிமையாளரான அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. முதல் நாள் அறையைக் காட்டியபோது கையில் ஒன்றைக் கொடுத்து “ஷாவ்” என்றார். அது சாவி. காற்று வரும் திசையைக் காட்டி “ஜனேலா” என்றார், ஜன்னல். பிறகு “மேஸா”, “அர்மாரியு”. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டிக்கொண்டே வந்ததில், எனக்குப் போர்ச்சுகீசியம் தெரியும் என்று முடிவு செய்துவிட்டு, பின்னர் கால் மணி நேரம் ஏதோ விளக்கினார். அதில் எனக்குப் புரிந்தது துவாலை மட்டுமே.

மேசை, அலமாரி, கோப்பை, பீப்பாய், ஏலம் எனப் போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொற்கள் நம் வீட்டில் எத்தனை இருக்கின்றன என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். படித்தது வேறு, அவை தம் சொந்த ஊரில், ஒரு மூதாட்டியின் வாயில், நம்மை எதிர்கொள்வது வேறு. இதன் மறுபக்கமும் உண்டு. தமிழில் முதன்முதலாக அச்சான நூல் வெளிவந்தது இந்த லிஸ்பனில்தான், 1554-இல். கிறிஸ்தவ மன்றாட்டுகளைக் கொண்ட சிறு நூல் அது; தமிழ் வரிகளை ரோமன் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் வெளிவந்தது அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1578-இல். லிஸ்பன் நூலின் பிரதி பெலேமில், ஜெரோனிமோஸ் மடத்தை ஒட்டிய தொல்லியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதைப் பார்க்கத்தான் அந்தப் பக்கம் போனேன். புதுப்பிப்புப் பணிக்காகக் கதவு மூடியிருந்தது. வீட்டிலிருந்தே விசாரித்திருக்க வேண்டியவள், விசாரிக்கவில்லை. பக்கத்துத் தேவாலயத்துக்குள் போய், 1498-இல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய வாஸ்கோ ட காமாவின் கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கல்லறை அழகானது, எனக்கு அந்தச் சிறு நூல்தான் வேண்டியிருந்தது.

தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது சங்கடமாக இல்லையா? சைவ உணவு கிடைத்ததா?
– வாசகி, சிதம்பரம்

மிகவும் சங்கடமாக இருந்தது. தெருவில் தனியாக நடக்கக் கூசாத நான், உணவகத்தின் வாசலில் கூசினேன். உள்ளே நுழைந்ததும் “ஒருவர்தானா?” என்று கேட்பார்கள். எத்தனை தட்டு வைப்பது என்று தெரிந்துகொள்ளக் கேட்கும் சாதாரணக் கேள்விதான். முதல் மூன்று நாள் அது எனக்கு விசாரணையாகவே ஒலித்தது. மூன்றாம் நாள் இரவு அப்படியே திரும்பி வந்து, அறையில் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அழுதேன். மகளை அழைக்கலாம் என்றால் இங்கே ஐந்தரை மணி நேரம் முன்னால், நள்ளிரவு தாண்டியிருந்தது.

மறுநாள் காலை முதல் ஒரே காப்பிக்கடையில் நின்றுகொண்டே குடிக்கப் பழகினேன். அங்கே பெரும்பாலோர் தனியாகத்தான் வருகிறார்கள். நின்றபடி சிறு கோப்பையில் கடுங்காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். இரவில் தனியாள் என்பது உறுத்தாத இடம் ஒன்று உண்டென்றால், அது அல்ஃபாமா பகுதியில் ஃபாடு இசை பாடும் விடுதிதான். பாட்டுத் தொடங்கும்போது விளக்கைத் தணித்துவிடுவார்கள். பாட்டு முடியும் வரை யாரும் பேசக்கூடாது. பேச ஆள் இல்லாமல் வந்தவர் யார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

சைவர்கள் கவனிக்க: பச்சை நிறத்தில் வரும் கீரை உருளைக்கிழங்கு சூப்பை நம்பிவிடாதீர்கள், அதில் பெரும்பாலும் ஒரு துண்டு இறைச்சி மிதக்கும். கேட்காமலே மேசையில் வைக்கும் ரொட்டிக்கும் ஆலிவ் காய்க்கும், தொட்டால் பணம் உண்டு; வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மார்த்திம் மொனிஸ் பகுதியில் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இந்தியர்களும் நடத்தும் கடைகளில் பருப்பும் சோறும் கிடைக்கும். இலையுதிர் காலம் என்றால் தெருவில் வறுத்த செஸ்ட்நட் கொட்டைகளைத் தாள் பொட்டலத்தில் கட்டித் தருகிறார்கள். கையும் சூடாகும், வயிறும் நிறையும்.

என் மகளுக்கு இருபத்தாறு வயது. தனியாக ஐரோப்பா போக வேண்டும் என்கிறாள். அனுப்பலாமா?
– தந்தை, திருநெல்வேலி

ஐயா, அவர் கேட்பது அனுமதியா, ஆலோசனையா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். ஆலோசனை என்றால் இரண்டு சொல்லுங்கள்: ஐந்து நகரங்களை ஓடிப் பார்ப்பதைவிட ஒரே நகரத்தில் தங்கச் சொல்லுங்கள், சுற்றுலாப் பயணிகள் நெருக்கியடித்து ஏறும் 28-ஆம் எண் டிராம் போன்றவற்றில் கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தினமும் ஒரு குறுஞ்செய்தி போதும். மணிக்கு ஒரு முறை படம் கேட்டால், அவர் உங்களுக்காகவே பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த பயணம் எந்த ஊருக்கு?
– வாசகர், புதுச்சேரி

லிஸ்பனுக்கே. என் வீட்டாருக்கு இது விசித்திரமாகப் படுகிறது, “பார்த்த ஊரையே பார்ப்பார்களா?” என்கிறார்கள். 1554-ஆம் ஆண்டு நூலை இன்னும் நான் பார்க்கவில்லையே. இம்முறை அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டே பயணச்சீட்டு வாங்குவேன். நல்ல செருப்பும் வாங்க வேண்டும்.