ஏரிக்கரை நிலத்தின் வகைப்பாட்டை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் ஊர்ச் சிற்றேரியை ஒட்டிய விவசாய நிலத்தை, விடுதியும் படகுத்துறையும் கொண்ட பொழுதுபோக்குப் பூங்காவுக்காக வகைமாற்றம் செய்யப்போவதாக நாளிதழில் அறிவிப்பு வந்துள்ளது. நாங்கள் எப்படி ஆட்சேபிப்பது?
– செங்கல்பட்டு மாவட்ட வாசகர்

பதில்: அறிவிப்பில் கண்ட கெடு முடிவதற்குள், புல எண்ணைக் குறிப்பிட்டு, ஊரார் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வெறும் எதிர்ப்பாக அது நின்றுவிடக் கூடாது. மழைக்காலத்தில் தண்ணீர் எந்த வரத்துக் கால்வாய் வழியாக ஏரிக்கு வருகிறது, கலங்கல் (ஏரியின் உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்தால் எந்த வயலைக் கடந்து அடுத்த ஏரிக்குப் போகிறது என்பதைப் புல வரைபடத்திலேயே குறித்துக் காட்டுங்கள். கால்வாய் மனைக்குள் புதைந்துபோனால், கரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஏரி நிரம்பாது. அந்தக் கால்வாய் வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டில் (புல எண்வாரியாக நில வகையைக் காட்டும் பதிவேடு) புறம்போக்கு என்றிருந்தால், உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவான சான்று அதுதான் என்பது என் கருத்து.

ஹரியானாவின் பட்கல் ஏரி, சூரஜ்குண்ட் ஆகிய சுற்றுலாத் தலங்களைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என 1996 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும் மனுவில் எடுத்துக்காட்டலாம். ஆனால் அந்தத் தூரம் அவ்விடங்களுக்கென வகுக்கப்பட்டது. உங்கள் ஏரிக்குத் தானாகவே பொருந்திவிடாது. பட்கல் ஏரியும் பின்னாளில் வறண்டுபோனது, நீர்வரத்து அறுந்ததால். ஆகவே கரையோரத்தை மட்டும் காக்கும்படி கேட்காதீர்கள். கால்வாயையும் சேர்த்தே கேளுங்கள்.