எலும்புக்கூடு ஒன்றுதான், வேலை வேறு

கேள்வி: பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் ஹோல்பைனின் ‘மரண நடனம்’ மரச்செதுக்குப் படங்களைப் பார்த்தேன். அரசனும் ஆண்டியும் கடைசியில் ஒரு பிடி சாம்பல் என்பதையே நாற்பது தடவை திருப்பித் திருப்பிச் சொல்கிறார். பயமுறுத்தி மாதாகோயிலுக்கு ஆள் சேர்க்கும் இந்தப் பிரசாரத்தைக் கலை என்று ஏன் கொண்டாட வேண்டும்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: படத்தைப் பார்த்தீர்களா, எலும்புக்கூட்டை மட்டும் பார்த்தீர்களா?

நீதிபதியின் படத்துக்குப் போங்கள். எதிரே ஏழை ஒருவன் நிற்கிறான். பணக்காரன் பைக்குள் கையை விட்டுத் துழாவுகிறான். நீதிபதியின் கை அந்தப் பக்கமே நீண்டிருக்கிறது. பின்னால் எலும்புக்கூடாக வந்த சாவு அவர் கழுத்தைத் தொடவில்லை, கையிலிருக்கும் கோலைப் பறிக்கிறது. இன்னொரு படத்தில், பணக்காரன் வீட்டில் கம்பி போட்ட அறைக்குள் சாவு புகுந்து உட்கார்ந்துகொண்டு காசை அள்ளுகிறது. அவன் பதறுவது உயிருக்கா, காசுக்கா? நீங்களே சொல்லுங்கள். கன்னியாஸ்திரீ பீடத்தின் முன் மண்டியிட்டிருக்கிறாள். முகம் மட்டும் பின்னால் லூட் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் இளைஞன் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கிழவி வேடத்தில் வந்த சாவு மெழுகுவத்தியை அணைக்கிறது.

‘எல்லோரும் சமம்’ என்று சொல்ல ஒரு படம் போதுமே. ஹோல்பைன் சொல்வது, ஆளுக்கு ஆள் எங்கே வலிக்கும் என்பது சாவுக்குத் தெரியும் என்று.

பிரசாரம் என்கிறீர்கள். 1538-இல் பிரான்சின் லியோன் நகரில் 41 படங்களோடு வந்த அந்தப் புத்தகத்தில் படத்துக்கு மேல் விவிலிய வசனம் இருப்பது உண்மைதான். ஆனால் மாதாகோயிலுக்கு ஆள் சேர்க்கிறவர் போப்பாண்டவரின் தலைக்கு மேல் பிசாசைப் பறக்கவிடுவாரா?

உழவனின் படத்தை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். கிழவன் ஏரைப் பிடித்து நடக்கிறான். பக்கத்தில் ஓடி வரும் எலும்புக்கூடு அவனுடைய குதிரைகளை விரட்டுகிறது, கூலியாள் மாதிரி. தூரத்தில் தேவாலயம், மறைகிற சூரியன். இதைப் பார்த்துப் பயந்தவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஏழைக்கு மட்டும் சாவு இரங்குகிறது என்று முடிவுகட்டலாமா? கட்டினால் அடுத்த படம் கன்னத்தில் அறையும்: ஓட்டைக் குடிசையில் தாய் அடுப்பருகே இருக்கிறாள், சாவு அவள் குழந்தையின் கையைப் பிடித்து வெளியே நடத்திப்போகிறது. நான் இந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்பதில்லை.

இத்தனையும் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் உயரம், ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குள். ஹோல்பைன் வரைந்தார், கோட்டை மட்டும் நிற்கவிட்டு மற்ற மரத்தையெல்லாம் கத்தியால் எடுத்தவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வேலை செய்த ஹான்ஸ் லுட்செல்பர்கர். கோடு ஒன்று ஒடிந்தால் சரிசெய்வது பெரும்பாடு. வேலை முழுதும் முடியுமுன் 1526-இல் அவர் இறந்துபோனார். புத்தகம் வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதில் ஹோல்பைனின் பெயர் இல்லை. முன்னுரையோ கலைஞர் இறந்துவிட்டார் என்று வருந்துகிறது. ஹோல்பைன் அப்போது மன்னர் எட்டாம் ஹென்றிக்காக இங்கிலாந்தில் வரைந்துகொண்டிருந்தார். ஆகவே அந்த இரங்கல் செதுக்கியவருக்குத்தான் என்று பலரும் கொள்கிறார்கள்.

சீமாட்டியின் படத்தில் ஒரு சாவு போர்வையை இழுக்க, இன்னொன்று பிடில் வாசிக்கிறது. லென்ஸ் இருந்தால் கட்டிலைத் தேடுங்கள். ஹான்ஸ் லுட்செல்பர்கர் தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் அதில் செதுக்கியிருக்கிறார்.