கோர்ட் பக்கத்து ஊருக்கு மாறினால் நம் வழக்கு என்ன ஆகும்? கேள்வி பதில்

தமிழ்நாட்டில் முன்சீப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட் இடமாற்றம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கே: ஐயா, எங்க ஊர் கோர்ட்டைப் பக்கத்து ஊருக்கு மாத்தப் போறாங்கன்னு பேச்சு. முடிவு யார் கையில? கலெக்டரா, எம்.எல்.ஏ.வா?

ப: இருவரும் இல்லை. உயர் நீதிமன்றத்தைக் கலந்தாலோசித்து மாநில அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். சிவில் கோர்ட்டுக்கு 1873ஆம் ஆண்டு சிவில் நீதிமன்றங்கள் சட்டம். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 9ஆம் பிரிவு. அரசியலமைப்பின் 235ஆம் பிரிவுப்படி கீழ்க்கோர்ட்டுகள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், அதன் கருத்துக்குக் கனம் அதிகம். மனு கொடுப்பவர்கள் அரசுக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். உயர் நீதிமன்றப் பதிவாளருக்கும் மாவட்ட நீதிபதிக்கும் பிரதி போகட்டும்.

கே: மாவட்டத் தலைநகர் எங்கேயோ அங்கேதானே கோர்ட் இருக்கணும்?

ப: அப்படிக் கட்டாயம் இல்லை. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் முன், தலைநகர் காஞ்சிபுரம். மாவட்ட நீதிமன்றமோ செங்கல்பட்டில் நடந்தது.

கே: நிலத் தகராறு வழக்கு சாட்சி விசாரணையில் நிக்குது. புதுசா வழக்கு போட்டு, கோர்ட் கட்டணமும் மறுபடி கட்டணுமா சார்?

ப: வேண்டாம். கோர்ட் உட்காரும் இடம் மட்டும் மாறினால், அதே கோர்ட், அதே வழக்கு எண். உங்கள் கிராமத்தையே வேறு கோர்ட்டின் எல்லையில் சேர்த்து வழக்கையும் அங்கே மாற்றினால், வழக்குக் கட்டு அங்கே போகும். எண் மாறலாம், விசாரணை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: மாற்றத்துக்குப் பிறகு வரும் முதல் வாய்தா. தேதி தெரியாமல் போகாமல் இருந்தால், வாதியின் வழக்கு தள்ளுபடியாகலாம், பிரதிவாதிமேல் ஒருதலைத் தீர்ப்பு வரலாம். அதை ரத்து செய்யக் கேட்க இருப்பது 30 நாள்தான். வக்கீல் குமாஸ்தாவிடம் கேளுங்கள், இ-கோர்ட்ஸ் தளத்திலும் பாருங்கள்.

கே: தீர்ப்பு வாங்கியாச்சு. நிறைவேற்று மனு எந்த கோர்ட்டில்?

ப: தீர்ப்பை அமல்படுத்தக் கேட்பதுதான் நிறைவேற்று மனு. எல்லை மாறிய காரணத்தால் மட்டும் பழைய கோர்ட்டின் அதிகாரம் போய்விடாது. வழக்குக்குரிய இடம் இப்போது எந்த கோர்ட்டின் எல்லையில் இருக்கிறதோ அங்கும் போடலாம். சிவில் நடைமுறைச் சட்டம் 37ஆம் பிரிவின் விளக்கம் இதைத் தெளிவாகவே சொல்கிறது.

கே: பத்திர ஆபீசும் கூடவே போயிடுமா?

ப: போகாது. அது பதிவுத்துறை, கோர்ட்டின் கீழ் வராது.

கே: எங்க பக்கம் பஸ்ஸே குறைவு. ஜீவனாம்ச வழக்குக்கு அலையும் பெண்கள் என்ன செய்வாங்க? போராட்டம் பண்ணலாமா?

ப: இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "எங்கள் ஊர் கௌரவம்" என்று எழுதும் மனு எடுபடாது. எதிர் ஊரும் அதையே எழுதும். எந்தெந்தக் காவல் நிலைய எல்லையிலிருந்து எத்தனை வழக்குகள் வருகின்றன, காலை 10 மணிக்குள் வந்து சேர எந்தக் கிராமத்துக்குப் பஸ் இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். கூடவே மாற்று வழியும் கேளுங்கள்: பழைய கோர்ட் இருக்கட்டும், அந்த ஊருக்குக் கூடுதல் கோர்ட் கொடுங்கள்; முடியாவிட்டால் வாரத்தில் சில நாள் இங்கே முகாம் அமர்வு நடத்துங்கள் என்று. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துத்தர 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இருக்கிறது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம்.

கோர்ட் புறக்கணிப்பை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. அது ஒருபுறம் இருக்க, புறக்கணிப்பு நீளும் ஒவ்வொரு நாளும் ஜாமீனுக்காகச் சிறையில் காத்திருப்பவருக்குத்தான் பாரம்.